மூவாயிரம் ரூபாய் போனசும் நீ வைத்துவிட்டுப் போன ஃபாரமும்

புனேவுக்குப் புறப்படும் மகனுக்கு, ஆமத்தூரிலிருந்து அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வைத்துவிட்டுப் போன ஃபாரம் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பென்சிலால் இரண்டு இடத்தில் பெருக்கல் குறி போட்டு, "இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு, ரெண்டே கையெழுத்துத்தாம்மா" என்று சொன்னாய். அதைப் போட்டால் என் பேங்க் கணக்கில் உன் பெயரும் சேரும். நானும் எடுக்கலாம், நீயும் எடுக்கலாம், எது நடந்தாலும் மெசேஜ் உன் போனுக்கு வரும். வருகிற ஞாயிறு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்கடுத்த வாரம் பெண்டாட்டி பிள்ளையோடு புனேவுக்குப் போகிறாய். கையெழுத்துப் போடுவேனா மாட்டேனா என்று அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லலாம்தான். போனில் பேச ஆரம்பித்தால் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ நாற்பது சொல்லிவிடுகிறாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு உன் பெண்டாட்டியிடமும் கொடு. உன் அக்கா செல்வியும் படிக்கட்டும். வெளியாள் நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை, அவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஃபாரம் கிடக்கலாம்.

நான் பழைய பேங்க் கணக்கை மூடிவிட்டுப் புதிய பேங்குக்குப் போனதை நீ இன்னமும் மூவாயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுச் செய்த வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆசைப்பட்டது உண்மை. விருதுநகரில் ஜமீலா அக்காவின் மிளகாய் வத்தல் கடையில் நாங்கள் ஆறு பேர் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கும்போது, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பிள்ளை வந்தது. பெயர் கௌசல்யா, திருத்தங்கல் பக்கம். பஜாரில் புதிதாகத் திறந்திருக்கும் பேங்கில் வேலை என்று சொல்லி, ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்தது. வேறு பேங்கில் இருப்பவர்கள் கணக்கை இங்கே மாற்றிக்கொண்டு வந்தால் மூவாயிரம் ரூபாய் போனஸ். கணக்கு ஆரம்பித்துத் தொண்ணூறு நாளுக்குள் முப்பதாயிரம் ரூபாய் உள்ளே வந்திருக்க வேண்டும், பத்தாயிரத்துக்குக் குறையாமல் இருப்பு வைத்திருக்க வேண்டும். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "மூவாயிரம் சும்மா குடுக்க அவன் என்ன நம்ம மாமனா மச்சானா" என்று ஒருத்தி சொன்னாள். நான் நோட்டீசை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். என் கணக்கில் அப்போது நாற்பத்திரண்டாயிரம் இருந்தது. பிஎஃப் பென்ஷனில் மிச்சம் பிடித்தது, வத்தல் கூலியில் போட்டது, நீ தீபாவளிக்குத் தீபாவளி கொடுத்தது, எல்லாம் சேர்ந்து அது.

ஆனால் அந்த நோட்டீஸ் வருவதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே நான் பழைய பேங்குக்கு ஒருமுறை தனியாகப் போயிருக்கிறேன். அது உனக்குத் தெரியாது. உன் அப்பா இறந்த பிறகு எனக்குப் பென்ஷன் வருவதற்காக நீதான் அந்தக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தாய். அப்போது என்னிடம் போன் இல்லை, உன் நம்பரைக் கொடுத்தோம். அன்றைக்கு அது சரி. அதன் பிறகு நான் ஐநூறு எடுத்தாலும் ஆயிரம் எடுத்தாலும் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் உன் போன் வரும். திட்டமாட்டாய். ஒருநாளும் திட்டியதில்லை. "எடுத்தியாம்மா? எதுக்கு?" என்று கேட்பாய், அவ்வளவுதான். பேத்தி பாப்பாவின் பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொலுசு வாங்கிக்கொண்டு வந்து நிற்க வேண்டும் என்று நாலாயிரம் எடுத்தேன். நகைக்கடைப் படியேறும்போதே நீ கூப்பிட்டுவிட்டாய். கொலுசு என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. சாயங்காலம் நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது பாப்பா வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைக்கூட விட்டுவிடலாம். முன்பு என்னோடு பட்டாசுக் கம்பெனி வேனில் வந்த முனியம்மா கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு மூவாயிரம் கேட்டாள், யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வரும்போது நீ கேட்டாய். அரிசியும் எண்ணெயும் வாங்கினேன் என்று சொன்னேன். பெற்ற பிள்ளையிடம், என் சொந்தப் பணத்துக்கு, அறுபத்துநாலு வயதில் பொய் சொன்னேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. அவர் பார்க்கவில்லை, எனக்குத்தான் அப்படி இருந்தது.

அடுத்த வாரமே பழைய பேங்குக்குப் போய், நீ வாங்கிக் கொடுத்த போனின் நம்பரை என் கணக்கில் போடச் சொன்னேன். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மகன் நம்பர்தானே இருக்கு, நல்லதுதானே. ஓடிபி கீடிபின்னு வந்தா நீங்க யார்ட்டயாச்சும் சொல்லிப்புடுவீக. மாத்தணும்னா மகனைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். என் கணக்கில் என் நம்பரைப் போட என் மகன் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சரிங்கய்யா என்று வந்துவிட்டேன். அதனால் கௌசல்யா நோட்டீஸ் கொடுத்தபோது நான் முதலில் கேட்டது மூவாயிரத்தைப் பற்றி இல்லை. "மெசேஜ் யாரு போனுக்கு வரும்?" என்று கேட்டேன். "உங்க கணக்குன்னா உங்க போனுக்குத்தாம்மா" என்றது அந்தப் பிள்ளை. அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். போனஸ் அதற்கு மேலே கிடைக்கிற லாபம்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். புதுக் கணக்கு ஆரம்பித்து, ஏழாம் நாள் பழைய பேங்கில் போய்ப் பணம் எடுக்கும் சீட்டு எழுதினேன். கவுண்டரில் இருந்த பையன் நல்ல மாதிரி. "முழுசும் எடுக்கீகளா? எந்த பேங்குக்குப் போறீகளோ அந்த நம்பரைக் குடுங்கம்மா, இங்க இருந்தே அனுப்பிவிட்ருவோம். அம்புட்டுப் பணத்தைத் தூக்கிக்கிட்டு ஏன் அலையிறீக" என்றான். நான் வேண்டாம், கையில் கொடு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு நிறைய நாள் யோசித்தேன். விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் சரவெடி பின்னியிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வேன் ஏறுவதற்கு முன்னால் கூலிக் கவர் கொடுப்பார்கள். பெயரும் தொகையும் மேலே எழுதி ஒட்டியிருக்கும். எங்கள் வேனில் வந்த பெண்கள் யாரும் அந்தக் கவரைப் பிரிக்க மாட்டோம். ஒட்டியது ஒட்டியபடி வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். வழியில் பிரித்தவள் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. என் கவரை உன் அப்பாதான் பிரிப்பார். அவர் வேலை பார்த்த அச்சாபீஸில் லோடு ஏற்றுகிற ஆட்களிடமெல்லாம், "எம் பொஞ்சாதி கவரு கிளியாம வரும்" என்று சொல்வாராம். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அவர் கெட்டவர் இல்லை, குடித்து அழித்தவரும் இல்லை. கேட்டதற்குக் கொடுப்பார். ஆனால் என் கூலியை நான் எண்ணிப் பார்த்தது கிடையாது. அன்றைக்கு அந்தப் பையன் நாற்பத்திரண்டாயிரத்தை எண்ணி இந்தப் பக்கம் தள்ளியபோது, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டாக மூன்று தடவை எண்ணினேன். காவலாளி வந்து, "குறையுதாம்மா?" என்று கேட்டார். குறையவில்லை என்றேன். பிறகு மிச்சச் சில்லறைக்கும் கணக்கை மூடுவதற்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் பையில் பணத்தைப் போட்டு முந்தானையால் சுற்றிக்கொண்டு, நடந்தே பஜாருக்குப் போய்ப் புது பேங்கில் கட்டினேன். கௌசல்யா எண்ணி, ரசீதில் சீல் வைத்துக் கொடுத்தது. முப்பதாயிரத்துக்கு மேலே பன்னிரண்டாயிரம் அதிகமாகவே கட்டியாயிற்று, ஏழே நாளில் நிபந்தனை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு டீக்கடையில் பன்பட்டர் வாங்கித் தின்றேன்.

அதற்குள் நீ கூப்பிட்டுவிட்டாய். கணக்கு மூடப்பட்டது என்று உன் போனுக்கு மெசேஜ் போயிருக்கிறது. "யார்ட்டம்மா ஓடிபி சொன்ன? யாராச்சும் போன் பண்ணாங்களா? இப்ப எங்க இருக்க?" என்று மூச்சுவிடாமல் கேட்டாய். நான் பன் தின்றுகொண்டிருக்கிறேன் என்றேன். நடந்ததைச் சொன்னதும், "மூவாயிரம் வேணும்னா எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல? ஒனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றாய். பயத்தில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். வயதானவர்களை ஏமாற்றிப் பணத்தை உருவுகிறவர்களைப் பற்றி தினமும் பேப்பரில் வருகிறது. இருந்தாலும் அந்த வார்த்தை எனக்குள் உட்கார்ந்துவிட்டது. போனஸ் வந்ததும் உனக்குக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்புதான் பின்னால் என்னை ஒரு தப்பான காரியம் செய்ய வைத்தது.

பென்ஷனும் நின்றுபோனது. பழைய கணக்கு இல்லை, புது நம்பரை பிஎஃப் ஆபீஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் வரவில்லை. எழுதிக் கொடுத்த பிறகும் அது உடனே வருகிறதா என்ன. நீ கேட்டபோதெல்லாம் வந்துவிட்டது என்றேன். வத்தல் கூலியை வைத்து ஓட்டினேன். இருப்பில் கைவைக்கவில்லை. அந்த நாட்களில் நீ வீட்டுக்கு வந்தபோது மீன் எடுக்காமல் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டு, மீன் நல்லதாக இல்லை என்று சொன்னேன். மீன் நன்றாகத்தான் இருந்தது.

தொண்ணூறு நாளில் எண்பத்துநாலு நாள் போனபிறகு, எதற்கும் ஒரு தடவை கேட்டுவைப்போம் என்று புது பேங்குக்குப் போனேன். கௌசல்யா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. "அம்மா, நீங்க ரொக்கமா கட்டிருக்கீக. ரொக்கம் இதுல சேராது. இன்னொரு பேங்குக் கணக்குல இருந்து வரணும், இல்லாட்டி சம்பளம், பென்ஷன்னு நேரா வரணும்" என்றது. நோட்டீசைப் பையிலிருந்து எடுத்து, எங்கே அப்படிப் போட்டிருக்கிறது என்று கேட்டேன். முன்பக்கம் தமிழ். அதை நான் பத்துத் தடவையாவது எழுத்துக்கூட்டிப் படித்திருப்பேன். பின்பக்கம் இங்கிலீஷ், எறும்பு மாதிரிப் பொடி எழுத்து. அதில் இருந்தது. "நீ ஒரு வார்த்தை சொல்லலையே தாயி" என்றேன். "பணம் கட்டுன அன்னைக்கே சொன்னேனேம்மா. பழைய பேங்குல இருந்தே அனுப்பச் சொல்லிருக்கலாமேன்னு சொன்னேன். நீங்க ரசீதுல வச்ச சீலைப் பாத்துக்கிட்டு இருந்தீக" என்றது அந்தப் பிள்ளை. சொல்லியிருக்கும். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் காதில் ஏறியிருக்காது. அந்தப் பிள்ளை மேல் பழி போட நான் தயாரில்லை. பழைய பேங்க் பையன் அனுப்புகிறேன் என்று சொன்னதையும் நான்தான் வேண்டாம் என்றேன். அனுப்பியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கையில் வாங்கி எண்ணிப் பார்த்த ஆசைக்கு அது விலை.

என் பணத்தையே எடுத்து வேறு ஒருவரிடம் கொடுத்து, அவர் கணக்கிலிருந்து எனக்கு அனுப்பச் சொன்னால் செல்லுமா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. உள்ளே போய் மேனேஜரிடமும் கேட்டுவிட்டு வந்து, "எங்க இருந்து வந்தாலும் சரிம்மா. இன்னொரு பேங்குல இருந்து வரணும், அம்புட்டுத்தான்" என்றது. உன்னிடம் கேட்டிருக்கலாம். நீயும் போன வாரம், "எங்கிட்டச் சொல்லிருந்தா ஒரு நிமிசத்துல போட்டு விட்டிருப்பேன்ல" என்று கோபித்தாய். ஒரு நிமிடத்தில் போட்டிருப்பாய். அப்புறம் அது நீ வாங்கிக் கொடுத்த போனஸ் ஆகியிருக்கும். செல்வியிடம் கேட்டால் அவள் உன்னிடம் சொல்லிவிடுவாள். அதனால் எண்பத்தாறாம் நாள் முப்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு ஜமீலா அக்காவிடம் போனேன். அவர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பணத்தை எண்ணிக் கல்லாவில் போட்டுவிட்டு, என் கணக்கு நம்பரைப் போனில் ஏற்றினார். புது நம்பர் என்றால் முதல் நாள் ஐயாயிரத்துக்கு மேல் அவருடைய பேங்க் விடாதாம். ஐயாயிரம் உடனே வந்தது, டிங் என்று என் போனில் மெசேஜ். மிச்சத்தை நாளைக்கு அனுப்புகிறேன் என்றார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. வத்தல் சீசன், ராமநாதபுரத்திலிருந்து லோடு வந்து இறங்கும் நேரம் என்று எனக்குத் தெரியாதா? நானே அந்தக் கடையில் உட்கார்ந்து கிள்ளுகிறவள்தானே. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. இருபத்தைந்தாயிரம், ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் கொடுத்திருக்கிறேன் என்பது ஒரு பக்கம். போனஸ் போய்விட்டால் உன்னிடம் என்ன சொல்வேன் என்பது இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. எண்பத்தொன்பதாம் நாள் காலையில் முதல் பஸ்ஸில் போய், லோடுமேன்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருக்க, கமிஷன் ஆட்கள் இரண்டு பேர் கல்லா முன்னால் நிற்க, வாசலில் நின்றபடியே, "அக்கா, எம் பணம் என்னாச்சு?" என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே உறைத்தது. எல்லோரும் திரும்பினார்கள். ஜமீலா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, கண்ணாடியைத் தேடி மாட்டி, நாலு தட்டுத் தட்டினார். என் இடுப்பில் போன் அடித்தது. இருபத்தைந்தாயிரம் வந்துவிட்டது. கமிஷன் ஆட்கள் போனபிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பதினோரு வருசமா எங்கிட்ட வேலை பாக்குற. ஒங் கூலி ஒரு நாள் பிந்தியிருக்கா புள்ள?"

"இல்லக்கா."

"மறந்துட்டேன், எந் தப்புத்தான். தனியா வந்து கேட்டிருந்தா நாலு ஏச்சு ஏசிருந்தாலும் வாங்கிக்கிட்டிருப்பேன். அம்புட்டுப் பேரு முன்னால ஏன் கேட்ட?"

"புத்தி கெட்டுக் கேட்டுட்டேங்கா" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். நான் வீட்டுக்குப் போகாமல் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ள ஆரம்பித்தேன். பதினொரு மணிக்கு எல்லோருக்கும் டீ வந்தபோது எனக்கும் வந்தது. அவர் பழையபடி பேச இரண்டு வாரம் ஆனது. மூவாயிரத்துக்காக நான் செலவழித்ததில் பெரிய செலவு அதுதான். பஸ் காசும், வராமல் நின்ற பென்ஷனும் அப்புறம்தான். பென்ஷன் பிறகு சேர்ந்து வந்துவிட்டது.

போனஸ் வந்தது. ஒரு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது மெசேஜ் வந்தது. குடத்தை நிரம்ப விட்டுவிட்டு மூவாயிரம் என்பதை எழுத்தாகவும் எண்ணாகவும் படித்தேன். உனக்கு உடனே சொல்ல வேண்டும் என்றுதானே அவ்வளவு பாடுபட்டேன். ஆனால் அன்றைக்கு உனக்குச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. ஒன்பது நாள் கழித்துத்தான் சொன்னேன். அந்த ஒன்பது நாளும் என் கணக்கில் என்ன நடந்தது என்று இந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அது எப்படி இருந்தது என்று உனக்கு விளக்கத் தெரியவில்லை. நீ பதினாறு வயதிலிருந்து அப்படித்தான் இருக்கிறாய், அதனால் உனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியாது.

பதினாறு என்று எழுதியதும் கை நின்றுவிட்டது, ஏனென்றால் அது சரியில்லை. பதினெட்டு வரை உன் கணக்கு என் கையில்தான் இருந்தது. போஸ்ட் ஆபீஸில் உன் பெயரில் ஒரு புத்தகம் போட்டிருந்தேன். கம்பெனியில் தீபாவளி போனஸ் வந்ததும் உன் அப்பாவிடம் கேட்டு வாங்கி வருடாவருடம் அதில் போடுவேன். தாத்தா கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் உனக்கு வந்த பரிசுப் பணம், எல்லாம் அதில்தான் இருந்தது. நீ பத்தாவது படிக்கும்போது உன் மாமா மகள் சடங்கு வந்தது. மற்ற அத்தைமார்கள் தட்டு நிறைய வைத்துச் செய்முறை செய்கிறார்கள், நான் மட்டும் ஒரு சேலையோடு போய் நிற்பதா என்று, உன் புத்தகத்திலிருந்து நாலாயிரத்து இருநூறை எடுத்தேன். கார்டியன் கையெழுத்து என்னுடையதுதான், யாரும் எதுவும் கேட்கவில்லை. மைக்கில் என் பெயரையும் வெள்ளிக் குத்துவிளக்கையும் சொன்னபோது எனக்கு மனசு நிறைந்தது. திருப்பிப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். போடவில்லை. நீ பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாய். நான் அடுப்படியில் இருந்தேன். நீ ஏதாவது கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனாய். அந்த வருடம் கிளாஸில் சேரவில்லை. லீவு முழுவதும் அச்சாபீஸில் காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போய், அந்தக் காசில் அடுத்த வருடம் சேர்ந்தாய். இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அது உன் பணம், நான் எடுத்தது தப்பு, உன்னிடம் சொல்லாமல் இத்தனை வருடம் இருந்தது அதைவிடத் தப்பு.

இதைச் சொல்வது மன்னிப்புக் கேட்க மட்டும் இல்லை. உன் மேல் பாசம் இல்லாமலா அந்தப் பணத்தை எடுத்தேன்? உனக்காக உயிரை விடுவேன், ஆனாலும் எடுத்தேன். எடுக்க முடிந்தது, அதனால் எடுத்தேன். அடுத்தவர் கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமை கையில் இருந்தால், அவசரம் ஒன்று வரும்போது அது நம் பணம் மாதிரியே தெரியும். எனக்குத் தெரிந்தது. உன் அப்பாவுக்கும் என் கூலி அப்படித்தான் தெரிந்திருக்கும். நீ என்னைவிட நல்லவன் என்றே வைத்துக்கொள்வோம். புனேவில் வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும், பாப்பாவைப் புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். நீ எடுக்க மாட்டாய். ஆனால் எடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசிக்கிற நிலைமையில் உன்னை நான் ஏன் வைக்க வேண்டும்?

அதனால் ஃபாரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். "நாளைக்கு ஆஸ்பத்திரி அது இதுன்னா யாரும்மா பணம் எடுப்பா?" என்று நீ கேட்டது நியாயமான கேள்வி, அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். வீட்டில் ரொக்கமாகப் பத்தாயிரம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், எங்கே என்று செல்விக்குத் தெரியும். எனக்கு நினைவு இருக்கும்வரை பேங்க் ஆளை வீட்டுக்கே வரவழைத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கலாமாம், கௌசல்யாவிடம் கேட்டுவிட்டேன். நாமினி என்ற இடத்தில் உன் பெயரைத்தான் போட்டிருக்கிறேன், அக்காவுக்குப் பாதி கொடுத்துவிடு. அது எனக்குப் பின்னால். அதுவரை அந்தக் கணக்கு ஒரு ஆள் கணக்கு. ஓடிபியை எவனுக்கும் சொல்ல மாட்டேன், பின்பக்கத்து இங்கிலீஷைப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் இனி எதிலும் சேர மாட்டேன். இந்த இரண்டையும் நான் உனக்கு எழுத்தில் கொடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் காலையிலேயே வந்துவிடுங்கள். மீன் எடுத்து வைக்கிறேன். போகும்போது ஃபாரத்தை எடுத்துக்கொண்டு போ. உன் பெண்டாட்டியின் சம்பளக் கணக்குக்கு மெசேஜ் யார் போனுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன், நீயே பார்த்துக்கொள். என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எப்போதாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் என்னைக் கேள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்கிறேன்.

அம்மா